சாயக்கட்டு

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நடுவே ஒரு சுவர் போகிறது. துவைக்கும் இயந்திரங்களை அந்தச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கக் கதவில் அழுக்குத் துணி போகும், அந்தப் பக்கக் கதவில் வெளுத்த துணி வரும். துணி மட்டும்தான் சுவரைத் தாண்டும். ஆட்கள் தாண்டவேண்டுமானால் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்று விதி. அதற்கென்று கட்டிய குளியலறையின் பூட்டு துருவேறிக் கிடந்தது. அதைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

அழுக்குப் பக்கத்தில் பதினோரு பெண்கள். பதினோரு பேரும் கறுப்பு. அந்தப் பக்கம் இஸ்திரி உருளையிலும் மடிப்பு மேசையிலும் நிற்பவர்கள் வெளுத்த தோல்காரர்கள். இப்படித்தான் நிற்கவேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் அனுபவம், தகுதி, காலியிடம் என்று மூன்று காரணம் சொல்வார்கள், மூன்றும் கேட்க நன்றாகவே இருக்கும்.

காலை ஆறு மணிக்கு வார்டுகளிலிருந்து மூட்டைகள் சறுக்குக் குழாய் வழியாக வந்து பொத்து பொத்தென்று விழும். அவிழ்த்து, உதறி, இனம் பிரிக்கவேண்டும். வெள்ளை விரிப்பு ஒரு தொட்டி. ரத்தம் பட்டது தனி. டாக்டர்களின் பச்சை உடை, நீலப் போர்வை, பிள்ளை வார்டின் பூப்போட்ட துண்டு எல்லாம் ஒரு கட்டு. அதற்குச் சாயக்கட்டு என்று பேர். வெள்ளையோடு சேர்த்துப் போட்டால் சாயம் இறங்கி வெள்ளை கெட்டுவிடும் என்பதால் சாயக்கட்டைக் கடைசியில், மிச்சமிருக்கிற தண்ணீரில்தான் போடுவார்கள். உதறும்போது என்னென்னவோ விழும். கத்தரிக்கோல், பல் செட்டு, ஒரு தடவை கல்யாண மோதிரம். எல்லாவற்றுக்கும் மேலே ஊசி. இரண்டு கையுறை போட்டும் குத்தியிருக்கிறது.

இந்தப் பதினோரு பேரில் ஒருத்திக்கு ரேடியோ என்று பேர். வாயை மூடமாட்டாள். மூட்டை விழும் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்கும். மற்றவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. அந்த நாற்றத்தில் எட்டு மணி நேரம் சிரிக்காமல் நின்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரே படிப்பு, ஒரே வயசு. ஒருத்தி சிவப்பு, அவள் மடிப்பு மேசைக்குப் போனாள். கறுப்பாக இருந்தவள் இந்தப் பக்கம் வந்தாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த டூட்டிச் சீட்டைப் பார்த்துவிட்டு ரேடியோ சொன்னாள்: "பாத்தீங்களாடி, நம்மளையும் பிரிச்சுப் போட்டுட்டாங்க. வெள்ளை அந்தப் பக்கம். நாமெல்லாம் சாயக்கட்டு."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அதிலிருந்து அழுக்குப் பக்கத்து டூட்டிச் சீட்டுக்கே சாயக்கட்டு என்று பேர் நிலைத்துப்போனது. நாளைக்குச் சாயக்கட்டுல யார் யாரு, சாயக்கட்டுல எம் பேரு இருக்கா என்று கேட்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும், மேற்பார்வையாளருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் எல்லாருக்கும் சௌகரியம்.

அந்தச் சொல் வெளியே போனது டேப்பம்மா வழியாக.

டேப்பம்மா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவள். ஆராய்ச்சிக்காக ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியோடு வந்ததால் அந்தப் பேர். நாற்பது வயதிருக்கும், நல்ல கறுப்பு, கண்ணாடி. ரேடியோவிடம் பேச நேரம் கேட்டபோது, வேலையில் உட்கார முடியாது, வீட்டில் உட்காரத் தெரியாது, நான் உட்காருகிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று ரேடியோ அவளை ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னாள்.

ரேடியோவின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவரைப் பிணைத்துவிடுவார்கள், நாலு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி ஊழியரின் குடும்பம் என்பதால் அந்த வைத்தியம். ரேடியோவின் கழுத்தில் தொங்குகிற வேலை அட்டையைக் காட்டினால்தான் அந்த அறைக் கதவே திறக்கும். "நீ துணியத் துவைக்கிற, இவங்க என்னைத் துவைக்கிறாங்க. மொத்தத்துல நம்ம குடும்பம் சலவைலதான் ஓடுது" என்று அவர் சொல்வார். முதல் தடவை சொன்னபோது ரேடியோ அழுதாள். பிறகு பழகிவிட்டது.

அந்த அறைக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் டேப்பம்மா நாலு மாதம் வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். பேர் வராது, வயசு வராது, எந்த ஆஸ்பத்திரி என்று வராது என்றாள். நல்லவள்தான். டீ வாங்கிக் கொடுப்பாள், வீட்டுக்காரரை விசாரிப்பாள், தனக்குப் பல்கலைக்கழகத்தில் நடப்பதையும் சொல்வாள். கூட்டங்களில் அவளைக் குறிப்பெடுக்க வந்தவள் என்று நினைத்துக் காகிதத்தை நீட்டுவார்களாம். "எல்லா இடத்துலயும் இதே கதைதான்க்கா. நாம எவ்வளவு படிச்சாலும் நாம நாமதான்" என்பாள். ரேடியோவுக்கு அந்த 'நாம' பிடித்திருந்தது. சாயக்கட்டுக் கதையை அவள் சொன்னதும் இப்படி ஒரு நாளில்தான். டேப்பம்மா சிரிக்கவில்லை. கருவி ஓடுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஆகி இரண்டு வருடம். ரேடியோ மறந்தே போயிருந்தாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஊசி என்கிற சிநேகிதி நனைந்துபோய் வந்து நின்றாள். ஊசி எந்த மூட்டையிலும் ஊசியை முதலில் கண்டுபிடிக்கிறவள், அதனால் அந்தப் பேர். நகர நூலகத்து வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டியிருக்கிறார்கள் என்றாள். 'சாயக்கட்டு' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு ஜோடிக் கையுறை படம். பல்கலைக்கழகம் மக்களிடம் செல்கிறது, நூல் வெளியீடும் கண்காட்சியும், சனிக்கிழமை, அனைவரும் வருக.

"நம்ம சாயக்கட்டா?" என்று ரேடியோ கேட்டாள்.

"வேற எந்த ஊர்ல இருக்கு இந்தச் சாயக்கட்டு" என்றாள் ஊசி. அவள் முகம் சரியில்லை. ரேடியோ அதை மழையின் கணக்கில் எழுதிவிட்டு மூட்டையை அவிழ்த்தாள்.

மத்தியானம் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது என்பதால் அவருக்கு இஸ்திரி என்று பேர். கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து அழுத்தினால் கீழே சூடு வைப்பவர், அவ்வளவுதான். அவர் மேசையில் அந்தப் புத்தகம் இருந்தது. பத்திரிகைக்காரர் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, உங்கள் இடத்தில் ஆளை நிறம் பார்த்துப் பிரிக்கிறீர்களாமே என்று கேட்டிருக்கிறார். பெரிய டாக்டர் வரைக்கும் போய்விட்டது.

"புத்தகத்துல ஆஸ்பத்திரி பேரு இல்ல, உன் பேரும் இல்ல" என்றார் இஸ்திரி. "ஆனா இந்த வார்த்தை யாரு வார்த்தைன்னு கேட்டேன். எல்லாரும் உன்னைத்தான் சொல்றாங்க."

ரேடியோ புத்தக அட்டையையே பார்த்தாள்.

"மாசக் கடைசில எல்லாரோட வேலை ஒப்பந்தமும் புதுப்பிக்கணும். உன் தாளை மட்டும் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. இது எங்கிட்ட இல்லம்மா, மேல." அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "'இந்த வார்த்தை என்னுடையதல்ல, நான் யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை'ன்னு கையெழுத்துப் போட்டா நான் பேசிப் பாக்குறேன். வியாழக்கிழமைக்குள்ள சொல்லு."

காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது அவள் கை தன்னை அறியாமல் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஊசி குழாயடியில் காத்திருந்தாள். "நாந்தான்க்கா சொல்லிட்டேன். காலைல உள்ள நுழையும்போதே கூப்பிட்டுக் கேட்டாரு. பயமா இருந்துச்சு."

ரேடியோவுக்குக் கோபம் வரவேண்டும். வருமென்று காத்துப் பார்த்தாள். கால் வலிதான் வந்தது. "உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, விடு" என்றாள்.

வீட்டில் மகள் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். வெளியீட்டுக்கு முன்பே கல்லூரி நூலகத்தில் புது வரவில் வைத்திருந்தார்களாம். முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே ரேடியோ நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டி, கேட்டுக்கொண்டிருந்தார். உப்பில்லாத முட்டை அவருக்கு, உப்புப் போட்டது மகளுக்கு. அடுப்பருகே நின்றபடி ரேடியோ ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இதக் கேளு" என்று மகள் வாசித்தாள். "'உழைப்பிடத்தில் நிறவழிப் பாகுபாடு எழுதப்படாத விதியாகச் செயல்படும் முறையைச் சுட்ட, சாயக்கட்டு என்னும் கருத்தாக்கத்தை இந்நூலில் நான் முன்வைக்கிறேன்.'"

"அப்படின்னா?"

"அவங்களே கண்டுபிடிச்ச வார்த்தையாம். நான்னு எழுதியிருக்காங்கம்மா, நான்."

"என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையா?"

மகள் பக்கங்களைப் புரட்டினாள். "இருக்கு. தகவலாளர் ஏழு. 'சலவைக்கூடத்தில் பணிபுரியும் நகைச்சுவை உணர்வுமிக்க பெண்.' அது நீதான்."

வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். "ஏழுன்னா பரவால்ல, நல்ல நம்பர்தான்" என்றார்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றாள். "வேலை போகுற இடத்துல அது உன் வார்த்தையாம். பேரு வர்ற இடத்துல அது அவங்க வார்த்தையாம். இது எந்த ஊரு நியாயம்? நீ கையெழுத்துப் போடாதம்மா. நீ சொன்னதை நீயே சொல்லலைன்னு எழுதிக் குடுப்பியா?"

ரேடியோ கணவரைப் பார்த்தாள். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் செருகிச் செருகி அந்தக் கை முண்டும் முடிச்சுமாக இருந்தது. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த எரிச்சல் பெரிது. சீக்காளியிடம் காட்டமுடியாத எரிச்சல்.

புதன்கிழமை இஸ்திரி முன்னால் போய் நின்றாள். அவர் புத்தகத்தையே திறந்து, மகள் வாசித்த பக்கத்தைக் காட்டினாள். "படிச்சுப் பாருங்க சார். நான் முன்வைக்கிறேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. படிச்சவங்க சொன்னா பொய்யா இருக்குமா?"

இஸ்திரி இரண்டு தடவை படித்தார். அவர் முகம் தெளிந்தது. இது நல்ல பிடி, மேலே காட்டலாம். "அப்ப கையெழுத்துப் போட்டுடு" என்றார். அவள் போட்டாள். இந்த வார்த்தை என்னுடையதல்ல. பேனா மை கொஞ்சம் இழுபட்டது. தன்னிடமிருந்து திருடிய சாமானுக்குள்ளேயே ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அன்று முழுக்க அழுக்குப் பக்கத்தில் ரேடியோ பாடவில்லை. பத்துப் பேரும் அதைக் கவனித்தார்கள், யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஊசிதான் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நாங்க பேசிக்கிட்டோம். இனி யாரு கேட்டாலும் நான்தான் சொன்னேன்னு எல்லாருமே சொல்றதா இருக்கோம். பதினோரு பேரையும் அனுப்பிட்டு மூட்டையை யாரு அவுப்பா, பெரிய டாக்டரா?"

"இத திங்கக்கிழமையே சொல்லக் கூடாதாடி" என்றாள் ரேடியோ.

வீட்டில் மகள் முகம் கொடுக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை வீட்டுக்காரரைத் துவைக்கும் நாள். அவர் உள்ளே போனார். கதவின் கண்ணாடி வழியாக அவர் கையில் குழாய் மாட்டுவதைப் பார்த்துவிட்டு ரேடியோ பெஞ்சுக்கு வந்தாள். மூன்று மணி நேரம் போனபின் டேப்பம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் கருவி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது.

"உங்க பொண்ணு எனக்குக் கடிதம் எழுதியிருந்தா" என்றாள். "மூணு பக்கம். படிச்சுட்டு எனக்குச் சோறு இறங்கலக்கா."

தன்னால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்திருந்ததாகச் சொன்னாள். பேரை மறைத்தாள், ஊரை மறைத்தாள், பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றினாள். ஒரு சொல்லே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவே இல்லை. 'நான் முன்வைக்கிறேன்' என்பது எங்கள் துறையில் எல்லாரும் எழுதும் நடை என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தன் கட்டுரை ஒன்றைப் பெரிய பேராசிரியர் ஒருவர் இப்படித்தான் எடுத்துக்கொண்டாராம். பத்து வருடம் அதைப் பேசித் திரிந்தவள் அவள்.

ரேடியோவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவளைத் திட்ட வேண்டுமென்று இரண்டு நாளாக மனசில் கோத்து வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்துபோயிற்று.

"நான் சரிபண்ணிடுறேன்" என்று டேப்பம்மா பையைத் திறந்தாள். அச்சடித்த சின்னச் சீட்டுகள், ஒரு கட்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டுவதற்கு. 'சாயக்கட்டு என்ற சொல்லை உருவாக்கியவர்' என்று போட்டு, ரேடியோவின் முழுப் பேர், அப்பா பேர் உட்பட. "சனிக்கிழமை மேடையிலயும் சொல்றேன். நீங்களும் வரணும். நாம சேர்ந்து நிக்கலாம்க்கா."

ரேடியோ அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் பேர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வசதியில்லை. எழுத்து நன்றாக இருந்தது, காகிதம் வழவழப்பாக இருந்தது. மகளிடம் காட்டினால் துள்ளுவாள். உள்ளே இயந்திரம் ஒரே சீராக ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சீட்டைத் திருப்பி நீட்டினாள்.

"ஒட்டாதீங்க."

"ஏன்க்கா?"

"அந்த வார்த்தை என்னுதில்லன்னு நேத்துதான் எழுதிக் குடுத்தேன். இத ஒட்டினா, உள்ள படுத்திருக்காரே, அவரை எங்க கூட்டிட்டுப் போறது?"

டேப்பம்மா கதவைப் பார்த்தாள். நாலு மாதம் அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தவள்தான். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப நான் சொன்னதாவே இருக்கட்டுமா? அது எனக்கு முடியாதுக்கா. என்னன்னு போடட்டும், நீங்களே சொல்லுங்க."

ரேடியோ யோசித்தாள். நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது ஊசி சொன்னது நினைவுக்கு வந்தது.

"சலவைக்கூடத்துல அழுக்குப் பிரிக்கிறவங்க சொன்னதுன்னு போடுங்க. எல்லாரும் சேர்ந்து சொன்னது."

டேப்பம்மா ஒரு சீட்டைத் திருப்பிப் பெஞ்சில் வைத்து எழுதினாள். எழுதி வாசித்தாள்: "'இது நாம் உருவாக்கிய சொல்.' சரியாக்கா?"

"நாம இல்ல மேடம். நாங்க."

பேனா நின்றது. "நானும் அதே நிறம்தானேக்கா" என்றாள் டேப்பம்மா. சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"நிறம் ஒண்ணுதான். இல்லைங்கல. உங்களையும் அங்க பிரிச்சுத்தான் வச்சிருப்பாங்க. ஆனா எங்க பலகைல ஒட்டுற சீட்டுல உங்க பேரு ஒரு நாளும் வந்ததில்லையே." ரேடியோ அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள், துணியில் கறை எங்கே இருக்கிறது என்று காட்டுகிற குரலில். "நீங்க நல்லா இருக்கணும். நாங்கன்னே போடுங்க."

டேப்பம்மா அடித்துவிட்டு எழுதினாள். சின்னச் சொல்தான், அவளுக்கு நேரம் பிடித்தது. முடித்ததும் பழைய சீட்டுக் கட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒன்றை மட்டும் ரேடியோ கேட்டு வாங்கி, நாலாக மடித்து, வேலை அட்டை உறைக்குள் அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். மகளுக்கு.

மழை விட்டிருந்தது. உள்ளே மணி அடித்தது, இன்னும் கால் மணி நேரத்தில் குழாயைக் கழற்றுவார்கள். டேப்பம்மா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"பேரு சொல்லமாட்டேன். மேடைக்கும் கூப்பிடமாட்டேன். கூட்டத்தோட கூட்டமா ஓரமா வந்து உக்காருங்க. சனிக்கிழமை வருவீங்கல்லக்கா?"

"சனிக்கிழமை எப்படி வர்றது" என்றாள் ரேடியோ. "சாயக்கட்டுல எம் பேரு இருக்கே."